பதினொரு மாத இலைகளைத் திருப்பிக் கொண்டுபோனேன்

நடந்தவை, வரிசையாக:

1. புதுக்கோட்டை மாவட்டத்தில், குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் கோயில்காட்டில் இருபது வலைகள் கட்டினேன். மரத்திலிருந்து உதிரும் இலை, மண்ணைத் தொடும் முன் வலையில் விழும்.

2. மாதம் ஒருமுறை கோவையிலிருந்து போய், வலையில் விழுந்ததைப் பையில் போட்டு, கோவைக்குக் கொண்டுவந்து, உலர்த்தி எடை போட்டேன். பதினொரு மாதம் இப்படி நடந்தது.

3. அந்தக் காட்டிலிருந்து ஒரு சருகுகூட வெளியே போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

4. வெள்ளிக்கிழமை காலை ஊருக்குத் தெரிந்துவிட்டது.

5. செவ்வாய்க்கிழமை புரவியெடுப்பு. நேர்ந்துகொண்டவர்கள் மண்குதிரைகளைச் சுமந்துபோய்க் காட்டுக்குள் அய்யனார் முன் வைக்கும் திருவிழா.

6. எனக்காக ஊரில் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவர் சித்ரா அக்கா. இலை திரும்பி வராமல் அவர் வீட்டுக் குதிரை காட்டுக்குள் வரக் கூடாது என்று ஊர்க்கூட்டம் சொல்லிவிட்டது.

7. சனிக்கிழமை விடியலில் இரண்டு சாக்கு மூட்டைகளோடு பேருந்து நிலையத்தில் நின்றேன்.

ஒரு காடு தன்னைச் சுற்றியுள்ள வயலுக்கும் ஊரணிக்கும் என்ன தருகிறது என்று அளப்பது என் ஆய்வு. உதிரும் இலை மக்கி மண்ணுக்கு எவ்வளவு சத்து திரும்புகிறது என்பது அதில் ஓர் அத்தியாயம். அனுமதி கேட்டபோது மரம் வெட்ட மாட்டோம், கிளை ஒடிக்க மாட்டோம், ஆணி அடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். உதிர்ந்த இலையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எங்கள் துறையில் அதற்குப் பெயரே குப்பை. குப்பைக்கு யார் அனுமதி கேட்பார்கள்?

ஒரு சாக்கில் உலர்ந்த இலைகள், சின்னச் சின்னத் துணிப்பைகளில், வலை எண்ணும் மாதமும் எழுதி. இன்னொன்றில் அரைத்த தூள், முப்பத்துமூன்று பொட்டலங்கள்: மாதத்துக்கு இலை ஒன்று, சுள்ளி ஒன்று, பூவும் காயும் சேர்ந்து ஒன்று. இந்தத் தூளில்தான் நைட்ரஜன் அளக்க வேண்டும். ஆய்வுக்கூட இயந்திரத்தில் என் முறை அடுத்த வாரம்தான் வருகிறது.

இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் அரை கிராம் எடுத்து முப்பத்துமூன்று கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, என் முதுகுப்பையின் பக்கவாட்டு அறையில் வைத்திருந்தேன். மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அதற்குத் துணிவு வரவில்லை. திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அரை கிராம் இருந்தால் ஓர் அத்தியாயம் இருக்கும்.

திருச்சியில் ஏறிய பேருந்தில் நடத்துநர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"இலைங்க."

"வெத்தலையா?"

"இல்லைங்க, காய்ஞ்ச இலை."

"காஞ்ச எலைய எதுக்கு இங்கேருந்து தூக்கிட்டுப் போறீங்க? அங்கிட்டு எலை இல்லையா?"

"அங்கே எடுத்ததுதான். திருப்பிக் கொடுக்கப் போறேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, எலைக்கு டிக்கெட் வேணாம். வழியில மட்டும் வைக்காதீங்க."

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூள் சாக்கை முகர்ந்து பார்த்தார். "சீயக்கா மாதிரியே வாசம் வருதே. தலைக்குத் தேய்க்கிறதா தாயி? எம் மகளுக்கு முடி கொட்டிக்கிட்டே இருக்கு. ஒரு கைப்பிடி குடேன்."

முடியாது என்றேன். தலைக்கு ஆகாது என்றேன். கோயில் சாமான் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு கைப்பிடித் தூளுக்கு இம்புட்டுக் கெராக்கி!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீரனூர் வரைக்கும் நான் சாக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

கீரனூரில் இரண்டு வெங்காய பஜ்ஜியும் ஒரு டீயும். பஜ்ஜி சூடாக நன்றாகவே இருந்திருக்க வேண்டும். எனக்கு ருசி தெரியவில்லை. மினி பஸ்ஸில் உள்ளே இடமில்லை என்று இலைச்சாக்கை மேலே ஏற்றிக் கட்டச் சொன்னார்கள். தூள் சாக்கை மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வால்பாறையில் சாலைதான் வளையும். பேருந்து எதன் மீதும் உரசாது. இங்கே சாலை நேராகப் போனது, ஓட்டுநர்தான் வளைந்தார். தைலமரத் தோப்புகளுக்கு நடுவே போகும்போது ஒரு குழியைத் தவிர்க்க ஓரம் ஒதுங்கினார். மேலே ஒரு கருவேலங்கிளை கிறீச்சிட்டது. அடுத்த நொடி என் ஜன்னலுக்கு வெளியே கோயில்காட்டு வீரை மரத்தின் இலை ஒன்று மிதந்து போனது. பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கூட்டம்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

வண்டி நின்றது. துணிப்பை ஒன்று கிழிந்து சாலையில் ஐம்பது அடி தூரத்துக்கு இலை. நான் குனிந்து பொறுக்க ஆரம்பித்ததும், என்ன ஏதென்று தெரியாமலே நான்கைந்து பேர் இறங்கி வந்தார்கள்.

"இது ஒங்களுதா பாருங்க."

"இது தைல இலைங்க."

"இது?"

"இதுவும் தைலம்."

"ஒங்க எலை எப்புடித்தாங்க இருக்கும்? ஒரு போட்டோ காட்டுங்க."

வீரை இலையை உயர்த்திக் காட்டினேன். கொஞ்சம் தடித்தது, உலர்ந்தாலும் சுருளாது. அதன்பின் வேகமாகப் பொறுக்கினார்கள். ஒருவர் ஓட்டுநரைப் பார்த்து, "எலையத் தொலச்ச புள்ளைக்கு எலை பொறுக்கிக் குடுத்த பஸ்ஸுன்னு ஒம் பஸ்ஸு பேரு வாங்கப் போவுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். கிழிந்த பை ஏழாம் வலை, ஆறாம் மாதம் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

சித்ரா அக்கா நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். நாற்பது பேர் வேலையை ஒரு விசிலில் நிறுத்தக்கூடியவர். மாதாமாதம் அவர் வீட்டில்தான் தங்குவேன். எப்போதும் வாசலிலேயே "வா ஷாலினி" என்பவர், அன்று சாக்கைத்தான் முதலில் பார்த்தார்.

"எல்லாம் வந்துருச்சா?"

தராசை எடுத்து ஏழாம் வலைப் பையை எடை போட்டேன். பதினைந்து கிராம் குறைந்தது. சாலையில் போனது.

அவர் கணவர் முருகேசன் அண்ணன் வெளிநாட்டில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தவர். இப்போது ஒரு கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்கிறார். அவர் எழுந்து நடந்தால் குதிரை வைப்பதாக அக்கா நேர்ந்துகொண்டிருந்தார். மண்குதிரை செய்யும் வேளாரின் பட்டறையில் குதிரை சுட்டு, வர்ணம் தீட்டித் தயாராகிவிட்டது. காப்புக் கட்டியிருந்ததால் வீட்டில் கவுச்சி இல்லை. புளிச்சாறும் கொத்தவரங்காய் வற்றலும் போட்டார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. எல்லாரு வீட்டுக் குதிரையும் போகும்போது எங்க குதிரை மட்டும் வேளார் பட்டறையில நின்னுச்சுன்னா, நான் இந்தக் கால வச்சுக்கிட்டு எந்த வழியா நடந்து போறது?"

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணங்களைப் பட்டியலிட்டேன்: சாலையில் போன பதினைந்து கிராம், போன மாதம் சோதனை ஓட்டத்துக்காக ஆய்வுக்கூடத்தில் எரித்த நாற்பத்தொரு கிராம், முப்பத்துமூன்று குப்பிகள். மூன்றாவதைப் பற்றி யாருக்கும் தெரியாது.

ஞாயிறு காலை காட்டின் எல்லையில் இருக்கும் களத்தில் ஊர் கூடியது. குதிரை செய்பவரும் பூசை செய்பவரும் ஒருவரே. எல்லோரும் அவரை வேளார் என்றுதான் அழைக்கிறார்கள். என்னைக் கண்டுபிடித்தவர் கருப்பையா அண்ணன். காட்டை ஒட்டி அவருடைய கடலைக்கொல்லை. நான் தட்டைப் பையோடு உள்ளே போய் உப்பிய பையோடு வெளியே வருவதைப் பதினொரு மாதமாகப் பார்த்திருக்கிறார்.

"நான் என்னமோ சோத்துப் பையின்னு நெனச்சேன்" என்றார். "சோறு சாப்புட்டா பை எளைக்கணும்ல? இது ஊதிக்கிட்டே வருது!"

முதலில் இலைகளைத் திருப்பச் சொன்னார்கள். ஒரே இடத்தில் கொட்டினால் போதும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நான் பையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, ஒன்றாம் வலை இலையை ஒன்றாம் வலையின் அடியில், இரண்டாம் வலை இலையை இரண்டாவதன் அடியில் என்று கொட்டினேன். தூளை இருபதாகப் பிரித்துத் தூவினேன். மூன்று மணி நேரம் ஆனது. பின்னாலேயே வந்த கருப்பையா அண்ணன், "எந்த எலை எந்த மரத்துதுன்னு அதுக்கே தெரியாது, இதுக்குத் தெரியுது" என்று யாரிடமோ சொன்னார்.

களத்துக்குத் திரும்பியதும் வேளார் கேட்டார். "எல்லாம் வந்துருச்சாம்மா?"

"இல்லைங்க. ஐம்பத்தாறு கிராம் குறையுது. பதினஞ்சு நேத்து ரோட்டுல கொட்டிடுச்சு. நாப்பத்தொண்ணு கோயம்புத்தூர்ல எரிச்சும் அமிலத்துல கரைச்சும் பார்த்துட்டோம்."

"சாம்பலு?"

"தொட்டியில கழுவி ஊத்தியாச்சுங்க."

"ஆக, நம்ம அய்யனாரு எலை கோயம்புத்தூர் சாக்கடையில போவுது" என்றார் கருப்பையா அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. முருகேசன் அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அக்காவின் முகம் சொன்னது. ஐம்பத்தாறு கிராம் என்பது ஒரு கைப்பிடிகூட இல்லை.

பின்னால் நின்ற ஒரு பெண் குரல் கொடுத்தார். "ஏன், ஆடு உள்ள பூந்து மேஞ்சா என்ன செய்யிறோம்? அதையே செய்ய வேண்டியதுதானே?"

எனக்குப் புரியவில்லை. அக்கா காதில் சொன்னார். யார் ஆடாவது காட்டுக்குள் புகுந்து மேய்ந்துவிட்டால், அந்த ஆட்டை ஒரு நாள் முழுக்கக் காட்டுக்குள்ளேயே கிடை போட வேண்டும். தின்றது அங்கேயே விழ வேண்டும்.

"ஆடு புழுக்கை போடும்" என்றார் கருப்பையா அண்ணன். "இந்தப் புள்ள என்னத்தப் போடும்?"

களமே சிரித்தது. அதுவரை தலைகுனிந்திருந்த முருகேசன் அண்ணனும் சிரித்தார். வேளார் மட்டும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் காத்தால போயி பொழுது சாயிற மட்டும் உள்ள இருக்கட்டும். வேர்வையாச்சும் மண்ணுல விழட்டும். அதோட சித்ரா வீட்டுக் குதிரை வரலாம்."

கடைசியாக ஒருமுறை எல்லோரும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். எல்லைக் கல்லருகே வந்ததும் ஆண்கள் துண்டை உதறினார்கள், பெண்கள் முந்தானையை உதறினார்கள். இதை நான் முதல் மாதமே பார்த்திருக்கிறேன். களக்குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்: "வெளியேறும்போது துணியை உதறுகிறார்கள். உண்ணி காரணமாக இருக்கலாம்." பதினொரு மாதமும் முதுகில் இலை மூட்டையைச் சுமந்துகொண்டு, அவர்களைப் போலவே துப்பட்டாவை உதறிவிட்டு வெளியே வந்திருக்கிறேன்.

இந்த முறை உதறியபோது பையில் குப்பிகள் கிலுகிலுத்தன.

"பையில என்ன?" என்றார் அக்கா.

"பேனா" என்றேன்.

வேளார் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு பாட்டில் தண்ணீரோடும் முதுகுப்பையோடும் உள்ளே போனேன். எங்கள் வால்பாறைக் காடு அண்ணாந்து பார்க்க வைக்கும். அங்கே விழுந்த இலையை மழையும் மரவட்டையும் பூஞ்சையும் சில வாரங்களில் இல்லாமல் ஆக்கிவிடும். இந்தக் காட்டின் உயரம் தலைக்கு மேல் கொஞ்சம்தான். வீரை, காசா, பாலை மரங்கள் எல்லாம் கிளை பின்னி வெயிலை உள்ளே விடாமல் நிற்கும். வெளியே கொல்லையில் கால் வைக்க முடியாத சூடு. உள்ளே சருகின் மேல் வெறுங்காலோடு நிற்கலாம். கையை விட்டால் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு, அதன் கீழே கறுத்த மண், அந்தக் கோடையிலும் கொஞ்சம் ஈரம். சுற்றிலும் பல மைலுக்கு இப்படி ஒரு மண் இல்லை. ஏன் இங்கே மட்டும் இருக்கிறது என்று என் ஆய்வு முன்மொழிவின் முதல் பக்கத்தில் கேட்டிருந்தேன்.

என் அம்மா தேயிலை பறிப்பவர். மாலையில் கொழுந்து மூட்டை எடை போடும் இடத்துக்குப் போகும். அதன்பின் அந்த இலையை அவர் பார்த்ததே இல்லை. இலை என்றால் வெளியே போகும் பொருள் என்றுதான் நான் வளர்ந்திருக்கிறேன்.

பதினொரு மணி வரை குப்பிகளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இங்கேயே கொட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கொட்டாமல் கொண்டுபோனாலும் ஒருவருக்கும் தெரியாது. மதியம் அக்கா தூக்குவாளியில் பழைய சோறும் மோர்மிளகாயும் கொண்டுவந்தபோது, சோற்றுக்குக் கை நீட்டாமல் குப்பிகளை அவர் முன் சருகின் மேல் வரிசையாக வைத்தேன்.

"என்ன இது?"

"தூள். கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன். நேத்து பேனான்னு சொன்னது பொய்க்கா."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருசம் அந்த மனுசனப் பொரட்டிப் போட்டுத் தொடச்சேன்" என்றார். "அதுக்கு நேந்த குதிரை அது. நாளைக்குக் குதிரை உள்ள வந்துருக்கும். நீ இத எடுத்துக்கிட்டு பஸ் ஏறியிருப்ப. அப்புறம் அவருக்குக் காலுல ஒரு நோவுன்னா நான் என்னன்னு நெனைக்கிறது? சொல்லு."

நோவுக்கும் தூளுக்கும் தொடர்பில்லை என்று சொல்லப் படித்திருக்கிறேன். அதைச் சொல்லும் இடம் அதுவல்ல என்று தெரிந்தது.

"கொட்டு" என்றார்.

முதல் மாதம் இலை, சுள்ளி, பூ. இரண்டாம் மாதம் இலை, சுள்ளி, பூ. வரிசைப்படி கொட்டினேன். முப்பத்துமூன்றும் முடிந்ததும் அக்கா ஒரு குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள ஒட்டியிருக்கு பாரு."

ஆமாம், ஒட்டியிருந்தது. கண்ணாடியிலிருந்து ஒரு பொருளை மிச்சமில்லாமல் மாற்ற மூன்று முறை அலச வேண்டும் என்பது முதலாண்டு ஆய்வுக்கூடப் பாடம். குடிக்க வைத்திருந்த தண்ணீரால் ஒவ்வொரு குப்பியையும் மூன்று முறை அலசி மரத்தடியில் ஊற்றினேன். அக்கா எண்ணிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தீர்ந்ததும் எழுந்தார்.

"வேளார்ட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. சோத்தத் தின்னு."

அன்று பொழுது சாயும்வரை பசியைவிடத் தாகம் அதிகம் இருந்தது. அக்கா சொன்னதைக் கேட்டு வேளார் என்ன சொல்வார் என்ற பயம் அதைவிட அதிகம்.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டுச் சத்தத்தோடு பட்டறையிலிருந்து குதிரைகள் கிளம்பின. ஒவ்வொன்றும் இடுப்பு உயரம், மூங்கிலில் கட்டி நான்கு பேர் தோளில். நான் எல்லைக் கல்லுக்கு வெளியே கூட்டத்தில் நின்றேன். பதினான்கு குதிரைகள் உள்ளே போயின. சித்ரா அக்கா வீட்டுக் குதிரை பதினைந்தாவது, கடைசி. எல்லைக் கல்லருகே வேளார் கையைக் காட்டி நிறுத்தினார்.

குதிரைக்குப் பக்கத்தில் முருகேசன் அண்ணன் காலை இழுத்தபடி வந்துகொண்டிருந்தவர், நின்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

வேளார் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். "ஏத்தா, பேனாவையும் ஒதறிட்டியா?"

"உதறிட்டேங்க."

"எத்தன தடவ?"

"மூணு தடவைங்க."

அவர் விலகி வழிவிட்டார். கொட்டு மறுபடி அடித்தது.

மாலையில் வலைகளைப் பற்றிப் பேசினோம். பன்னிரண்டாம் மாத இலையைக் காட்டுக்குள்ளேயே வைத்து எடை போடலாம், போட்டதும் அங்கேயே கொட்டிவிட வேண்டும், தராசு உள்ளே வரலாம், பை வரக் கூடாது என்று முடிவாயிற்று. "அந்தப் பையி மேலதான் எனக்குக் கண்ணு" என்றார் கருப்பையா அண்ணன்.

இப்போது நிலைமை இது. குதிரை காட்டுக்குள் இருக்கிறது. இடது காதில் ஒரு சிறிய விரிசல், சுமந்துபோகும்போது கிளை இடித்தது. பன்னிரண்டாம் மாத எடை உலர்த்தாத ஈர எடையாகத்தான் இருக்கும். அதை முந்தைய பதினொன்றோடு எப்படி ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நைட்ரஜன் அத்தியாயம் இல்லை. அதைத் தெரிவித்து நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு நான்கு நாளாகப் பதில் வரவில்லை. களக்குறிப்பேட்டில் உண்ணி பற்றிய வரியை அடித்துவிட்டேன்.